காற்று இல்லை எனக் கொள்க

எங்கள் கல்லூரியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. ஆசிரியர்களுக்கு அவர் பி.டி. சார். மாணவர்களுக்கு, அவர் காதில் விழாத தூரத்தில், காத்து சார். அவர் மனைவிகூட ஒரு தடவை எனக்குப் போன் செய்து, "காத்து அங்கன இருக்காகளா மேடம்?" என்று கேட்டுவிட்டு, அவசர அவசரமாக ஒரு "சார்" சேர்த்துக்கொண்டார்.

உடற்கல்வி இயக்குநர் என்பது அவர் உத்தியோகம். கால்பந்துப் பயிற்சியாளர் என்பது அவர் பிடிவாதம். நான் இயற்பியல் விரிவுரையாளராக ராமநாதபுரத்துக்கு வந்து சேர்வதற்கு வெகு காலம் முன்பே அவர் அந்த மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தார். அத்தனை காலத்தில் அணி ஒரு கோப்பையையும் தொட்டதில்லை. பெரும்பாலும் முதல் சுற்றிலேயே திரும்பி வந்துவிடுவார்கள். மறுநாள் காலை ஆசிரியர் அறையில் யாராவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என்ன சார் ஆச்சு என்று கேட்பார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, வழுக்கையைத் துடைத்து, ஒரு பெருமூச்சு விட்டு, "காத்து" என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊரில் காற்றுக்குப் பஞ்சமில்லை. மைதானம் இருப்பது சீமைக் கருவேலங்காடு முடிந்து வெறும் பொட்டல் தொடங்குகிற இடத்தில். ஆடியில் கச்சான் என்று மேற்கிலிருந்து ஒன்று வந்து மண்ணை அள்ளி வாயில் போடும். மார்கழியில் வாடை. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே எனக்குப் பாதி சர்வீஸ் போய்விட்டது. ஆனால் மற்றவர்களெல்லாம் காற்றைத் திட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். இவர் அதைக் கூட்டாளியாக வைத்திருந்தார்.

எதற்கு முன்னாலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தோள் உயரத்தில் பிடித்து விட்டுப் பார்ப்பார். பந்தயத்துக்கு முன்னால் சரி. கேன்டீனில் உட்காருவதற்கு முன்னுமா? அங்கே மண் கிடைக்காததால் சர்க்கரை. கேன்டீன்காரர் கரண்டியோடு ஓடி வருவார். மைதானத்தின் மூலையில் ஒரு கருவேல மரத்து உச்சியில் பழைய சிவப்பு ஜெர்சியைக் கிழித்துக் கட்டியிருந்தார். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் அந்தத் துணியைத்தான் பார்ப்பார். முதல்வர் எதிரே வந்தால்கூட வணக்கம் அதற்கு அப்புறம்தான். அவர் மனைவி என்னிடம் சொன்னார்: "அவுகளுக்கு முடி கொட்டுனதுக்கும் கச்சான்தான் காரணம் மேடம். என்னைக் கட்டுன ராசின்னு சொல்லாம விட்டாகளே, அதுவரைக்கும் நிம்மதி."

நான் எப்படி இந்தக் கூத்தில் மாட்டினேன் என்றால், விளையாட்டுக் குழுவில் ஒரு பெண் ஆசிரியர் வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் பேச்சு வந்தது. எல்லோரும் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் நிமிர்ந்திருந்தேன். பந்தயம் நடக்கும் இடங்களுக்கெல்லாம் அணியோடு போய் வருவது என் தலையில் விழுந்தது. கால்பந்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கையால் தொடக்கூடாது என்பதுதான். கோல்கீப்பர் தொடலாம் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் பந்தயத்திலேயே எங்கள் பையன் ஒருவன் பந்தை எங்கள் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். சார் போய் அவன் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். "ஏலே, நீ அடிச்சது வெளியதான்டா போச்சு. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன்? காத்து கொண்டாந்து உள்ள விட்டுருச்சு. எந்திரி." அந்த மடையனும் அதை நம்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் புரோட்டா சாப்பிட்டான். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் இவர்கள் எப்போது திருந்துவார்கள் என்று வழியெல்லாம் அவரைப் பிடித்துக் கேட்டேன். "அழுதுக்கிட்டே இருக்குற பய எப்ப மேடம் வெளையாடுவான்?" என்றார். அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. அதை ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

அதற்காக அவர் பெரிய தயாளர் என்று நினைத்துவிடக்கூடாது. ஜெயித்தாலும் இதே கதைதான். ராமேஸ்வரத்தில் மணல் தரையில் ஒரு ஆட்டம். எங்கள் பின்வரிசைப் பையன் பாதி மைதானத்திலிருந்து உதைத்தது நேரே எதிரணிக் கோலுக்குள் விழுந்தது. அவன் சட்டையைக் கழற்றிச் சுற்றிக்கொண்டு ஓடி வருகிறான், இவர் சிவனே என்று நின்று, "உனக்கு எதுக்குலே இந்த ஆட்டம்? அடிச்சது கச்சான்" என்றார். பயலின் முகம் தொங்கிப்போயிற்று.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது என் வகுப்பறையில். எறியப்பட்ட பொருள் எந்தப் பாதையில் போகும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதில் முதல் வரியே, காற்றின் தடை இல்லை எனக் கொள்க என்பது. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஜன்னலுக்கு வெளியே தொப்பி.

"எப்படி மேடம் காத்தே இல்லேன்னு நெனச்சுக்கிறது?" என்று அத்தனை மாணவர்கள் முன்னாலும் கேட்டார். அது ஒரு வசதிக்காகச் சொல்வது சார், கணக்கு எளிதாக வரும் என்றேன். "கணக்கு வரும். பந்து வராதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. கடைசி பெஞ்சில் வேலு மட்டும் சிரிக்கவில்லை. ரெண்டு பேரில் யார் சொல்வதை நம்புவது என்று நிஜமாகவே குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தான்.

வேலுதான் எங்கள் கோல்கீப்பர். என் இயற்பியல் மாணவன். திருவாடானைப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் மிளகாய்க் கொல்லையில் பழம் பறிக்கப் போகிறவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அந்த ஒரு சீட்டில்தான். அந்தச் சீட்டு போனால் அவன் ஊருக்குப் போய் மிளகாய்ப் பழம் பறிக்க வேண்டியதுதான். அந்த வருடம் வந்த புது முதல்வர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை, கறாரானவர். ஒழுங்காக ஆடாதவனுக்கும் ஒழுக்கம் தவறியவனுக்கும் சீட்டு கிடையாது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். பி.டி. சாருக்கும் அதுதான் கடைசி வருடம். பணி ஓய்வு நெருங்கியிருந்தது.

வேலுவுக்குச் சார் கற்றுக்கொடுத்த தலையாய பாடம் ஒன்று உண்டு. "ஒசரமா வார பந்தைத் தொடாத. ஒண்ணு, தலைக்கு மேல போயிரும். இல்ல, முன்னாடியே விழுந்துரும். கோலுக்குள்ள மட்டும் வராது. அதைக் காத்து பாத்துக்கிடும், நீ தாழ வாரதைப் பாரு." எங்கள் மைதானத்தில் அது அப்படியே நடந்தது. உயரப் பந்து வந்தால் வேலு கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். பந்து அவன் தலைக்கு மேலே எங்கோ கருவேலங்காட்டுக்குள் போய் விழும். வெளியூர் அணிகள் அவன் நிற்கிற நிலையைப் பார்த்தே எரிச்சலாகிவிடுவார்கள்.

அந்த வருடம் என்ன ஆயிற்றென்றால், முதல் சுற்றை ராமேஸ்வரத்தில் ஜெயித்தோம். அடுத்த சுற்று எங்கள் மைதானத்திலேயே. அதையும் ஜெயித்தோம். யாருக்கும் நம்ப முடியவில்லை. அரையிறுதி மதுரைக்கு வடக்கே ஒரு கல்லூரியில். அவ்வளவு தூரம் உள்நாட்டுக்கு அந்தப் பையன்கள் ஆடப் போனதே இல்லை. முதல் சுற்றைத் தாண்டினால்தானே போவதற்கு!

வேனை விட்டு இறங்கியதும் பார்த்தேன். மைதானத்தின் நாலு பக்கமும் மாந்தோப்பு. உச்சி வெயில். ஒரு இலை அசையவில்லை. எனக்கு வேர்த்து ஊற்றியது. சார் வழக்கம்போல ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விட்டார். மண் நேரே அவர் ஷூ மேலே விழுந்தது. இன்னொரு தடவை எடுத்தார். அதுவும் ஷூ மேலேயே. அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பர்ஸைக் காணாதவர் மாதிரி ஆகிவிட்டது. நான் அப்போது சிரித்தேன். காற்று இல்லை எனக் கொள்க சார், இதுதான் அந்த இடம் என்று குத்திக்காட்டவும் செய்தேன். அவர் ஷூவைத் தட்டிவிட்டுக்கொண்டார். பையன்களிடம் எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் சமமாகவே போனது. முடியப்போகிற நேரத்தில் எதிரணிக் கேப்டன் வெகு தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்தான். பந்து நல்ல உயரத்தில் வந்தது. வேலு அண்ணாந்து பார்த்தான். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். பந்து மெதுவாக இறங்கி, அவன் தலைக்கு மேலே, கம்பிக்குக் கீழே, சாவகாசமாக வலைக்குள் போய் உட்கார்ந்தது.

திரும்பி வரும்போது வேனுக்குள் அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் எல்லோரும் மூச்சு விட்டுக்கொள்ளலாம் என்பதுபோல. அவர் சொல்லவே இல்லை. பரமக்குடி தாண்டியதும் ஜன்னல் வழியாகக் காற்று வரத் தொடங்கியது. சார் எழுந்து ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் விஷயம் வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோலை யாரோ போனில் எடுத்த வீடியோ எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றியது. அதில் கோல்கீப்பர் கையைக்கூடத் தூக்கவில்லை. போதாததற்கு, அந்த எதிரணிக் கேப்டன் வேலுவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆட்டத்துக்கு முன்னால் ரெண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்ததையும் பலர் பார்த்திருந்தார்கள். ஆட்டத்தை விற்றுவிட்டான் என்றார்கள். முதல்வர் வேலுவைக் கூப்பிட்டு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டிருக்கிறார். "மேல போயிரும்னு நெனச்சேன் சார்" என்று மட்டும் சொன்னானாம். முதல்வர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, சீட்டை ரத்து செய்யப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்தது பி.டி. சார் என்று அவன் வாயே திறக்கவில்லை.

நான்தான் போய் அதைச் சாரிடம் சொன்னேன். கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே முதல்வர் அறைக்கு நடந்தார். அன்று கருவேல மரத்துத் துணியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

முதல்வர் எங்களைப் பார்த்ததும், "வாங்க சார். இதுக்கும் காத்துதான்னு சொல்லப் போறீங்களா?" என்றார்.

"இல்ல சார். அன்னைக்குக் காத்தே இல்ல." சார் உட்காரவில்லை. "தப்பு என்னோடது. ஒசரப் பந்தை விட்ருன்னு சொல்லிக் குடுத்தது நான். அந்த ஊர்ல அது ஆகாதுன்னு எனக்கு இறங்குன ஒடனே தெரிஞ்சுபோச்சு. சொல்லாம விட்டேன். பய நான் சொன்னதைத்தான் செஞ்சான்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் முதல்வர் லேசாகச் சிரித்தார். "நீங்க பசங்களை விட்டுக் குடுக்க மாட்டீங்கன்னு எல்லாரும் சொல்லியிருக்காங்க சார். காத்து மேல போட முடியாததால உங்க மேல போட்டுக்கறீங்க" என்றார். இத்தனை காலம் சொன்ன சாக்குகளெல்லாம் சேர்ந்து, மனுஷன் ஒரே ஒரு நிஜத்தைச் சொன்னபோது அதை ஒருவரும் நம்பாதபடி செய்துவிட்டன. சார் கையில் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "காத்துதான் காரணம் சார்."

"இப்பத்தானே காத்தே இல்லேன்னார்?"

"ஆமா சார். அதுதான் காரணம்."

முதல்வர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தம்மாவுமா என்று இருந்தது. நான் விடவில்லை. மைதானத்துக்கு வாருங்கள், உங்கள் கண்ணாலேயே பாருங்கள், இங்கே உயரப் பந்து எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அவன் ஏன் அங்கே அப்படி நின்றான் என்பதும் தெரியும் என்றேன். என்ன தோன்றியதோ, எழுந்து வந்தார்.

ஐப்பசி மாதம். கச்சான் அடங்கி, வாடை இன்னும் நிலைக்காத சமயம். நினைத்தால் அடிக்கும், நினைத்தால் நின்றுவிடும். சார் குனிந்து மண்ணை எடுத்தார். மண் சாய்வாகப் பறந்தது. மர உச்சியில் சிவப்புத் துணியும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வாழ்நாளெல்லாம் காற்று மேல் பழி போட்ட மனுஷன், அன்றைக்கு அதைக் கும்பிடாத குறையாக நின்றார். நானும்தான்.

வேலுவை வகுப்பிலிருந்து கூப்பிட்டுவந்து கோலில் நிறுத்தினோம். அவனிடம் எதையும் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் கேப்டன் ரஃபி, ஏர்வாடிப் பையன், அவன்தான் உதைத்தான். தாழவும் உயரவும் மாற்றி மாற்றி அடி என்று அவனிடம் மட்டும் சொல்லியிருந்தேன்.

தாழ வந்த பந்துக்கெல்லாம் வேலு உயிரைக் கொடுத்தான். முழங்கை தேய, மண்ணோடு மண்ணாகப் புரண்டு பிடித்தான். சீட்டு போகப்போகிறது, முதல்வர் எதிரே நிற்கிறார், வேறு எப்படி ஆடுவான்? பிறகு ரஃபி வெகு தூரம் பின்னால் போய் உயரமாக ஒன்று அடித்தான்.

பந்து மேலே எழும்பியது. அந்த நேரம் பார்த்து, சத்தியமாகச் சொல்கிறேன், காற்று நின்றது. சிவப்புத் துணி தொங்கிப்போனது. சாரின் வாயிலிருந்து ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. வேலு அண்ணாந்து பார்த்தான். கையைத் தொங்கப் போட்டான். பந்து மெதுவாக இறங்கி, அவன் தலைக்கு மேலே, கம்பிக்குக் கீழே, வலைக்குள் போய் உட்கார்ந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். முதல்வர் நேரே வேலுவிடம் போனார். "ஏன்டா பிடிக்கலை?"

வேலு வலையைப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மேல போயிரும்னு நெனச்சேன் சார்."

முதல்வர் அவனைப் பார்த்தார், வலையைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பை அடக்க முடியாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களிடம் திரும்பி வந்தார். "சீட்டு போற நேரத்துல, நான் பாத்துக்கிட்டு நிக்கறப்பவே கோலை வேடிக்கை பாக்கறவன் ஆட்டத்தை எங்க போய் விக்கப் போறான்? இவனைக் கெடுத்தது நீங்கதான் சார், இப்ப நம்பறேன்" என்றார். வேலுவை வகுப்புக்குப் போகச் சொன்னார். சீட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. உயரப் பந்தையும் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள் என்று மட்டும் சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முதல்வர் தலை மறைந்ததும் மறுபடி காற்று வந்தது. துணி படபடவென்று அடித்தது. என் தலைப்பு முகத்தில் விழுந்தது. வேலு கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சார் போய் அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வகுப்புக்குத் துரத்திவிட்டு என் பக்கம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் கொஞ்சம் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அவருக்கு வந்திருந்தது கோபம்.

"என்ன மேடம் நீங்க! இத்தன வருசத்துல ஒரே ஒரு தடவ தப்பு என்னோடதுன்னு சொல்லலாம்னு மனசத் தேத்திக்கிட்டு வந்தேன். அதையும் தூக்கிக் காத்து கையிலயே குடுத்துட்டீங்களே."